போர்ட் லூயிஸில் ஓராண்டுப் புகைப்படத் திட்டம்: கேமராவை எடுப்பது முதல் படத்தை உரியவர் கையில் சேர்ப்பது வரை

மொக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில், கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தத்தின்பேரில் இந்த மொரீஷியஸ் தீவுக்கு வந்த நம் முன்னோரின் புகைப்படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவை விரும்பி எடுத்துக்கொண்ட படங்கள் அல்ல. ஒப்பந்தக் காலத்தை முடித்தவர்களும் தம் முகம் பதிந்த சீட்டொன்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அதற்கான செலவையும் தொழிலாளியே ஏற்க வேண்டியிருந்தது. 1871இல் 9,401 தொழிலாளர்களின் சார்பில் அடோல்ஃப் தெ ப்ளெவிட்ஸ் ஆளுநரிடம் சேர்ப்பித்த மனு, இந்தச் சீட்டு முறையால் அவர்கள் பட்ட துன்பங்களை முறையிட்டது. அந்தப் படங்களில் முகத்தோடு சேர்ந்திருப்பது ஓர் எண்.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கான வழிகாட்டியை இந்த வரலாற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த நகரில் நம்மவர் முகத்தின்மீது கேமரா முதன்முதலாகத் திரும்பியது காவலுக்காக. படத்தில் இருந்தவருக்கு அதன்மீது எந்த உரிமையும் இருக்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் போர்ட் லூயிஸின் தெருக்களில் படம் எடுத்துவரும் நான், முதல் மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தும் ஒன்றைக்கூட உரியவரிடம் கொடுக்கவில்லை. பின்னர் என் முறையை மாற்றிக்கொண்டேன். எடுக்கும் ஒவ்வொரு முகமும் பெயரோடும் நாளோடும் அச்சாகி உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே விதியை வைத்து, ஓராண்டில் முடியக்கூடிய திட்டமாக அதை அமைத்தேன். அந்த முறையைத்தான் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: திட்டத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“நகரைப் படம் எடுக்கப் போகிறேன்” என்பது திட்டம் ஆகாது. எதை எடுக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை; அதைவிட முக்கியமாக, எதை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்வதில்லை. எங்கே, எதை, எவ்வளவு காலம் என்ற மூன்றும் அடங்கிய ஒரு வாக்கியத்தை எழுதி, அதைக் கேமராப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, “மத்தியச் சந்தையில் கீரையும் மூலிகையும் விற்பவர்களின் கைகளையும் முகங்களையும் பன்னிரண்டு மாதங்கள் எடுப்பேன்” என்பது நல்ல வாக்கியம். “மரத்தாலான பழைய க்ரியோல் வீடுகளின் கூரை விளிம்பில் தொங்கும் லாம்ப்ரெக்கின் வேலைப்பாடுகளை, அந்த வீடுகள் இடிபடுவதற்குமுன் தெருத்தெருவாகப் பதிவேன்” என்பதும் அவ்வாறே.

நம் வாசகர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது “இந்நகரில் தமிழ் எழுத்து எங்கெல்லாம் இருக்கிறது?” என்ற கேள்வியைத்தான். நாம் அன்றாடம் கைமாற்றும் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இருக்கிறது. கோவில் வாயிலிலும், திருமண அழைப்பிதழிலும், கல்லறைக் கல்லிலும், பள்ளிப் பிள்ளையின் கட்டுரை நோட்டிலும் இருக்கிறது. தமிழைப் பேசுவோர் குறைந்து, வழிபாட்டிலும் பெயர்களிலும் அது தங்கிவிட்ட ஒரு நாட்டில், எழுத்து எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடுவது ஒரு முழு ஆண்டுக்குப் போதுமான வேலை. கூட்டத்துக்குள் நுழையத் தயங்கும் புதியவருக்கும் இது ஏற்றது. எழுத்துகள் ஓடிவிடுவதில்லை, காத்திருக்கும்.

மாதத்துக்கு இரண்டு உலா, ஆண்டுக்கு இருபத்துநான்கு உலா, முடிவில் இருபது படம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடக் கூட்டினால் வேலைக்குப் போகும் ஒருவரால் தொடர முடியாது என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: இந்த ஊரின் வெயிலைப் படியுங்கள்

புகைப்பட நூல்களில் உள்ள ஒளிக் குறிப்புகளில் பெரும்பாலானவை வடகோளத்தின் மிதவெப்ப நாடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. போர்ட் லூயிஸ் ஏறத்தாழ 20 பாகைத் தென் அட்சரேகையில் இருக்கிறது. இங்கு ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாக நிற்கும். ஆகவே வடக்கு நோக்கிய சுவரில் வெயிலும், தெற்கு நோக்கிய சுவரில் நிழலும் இருக்கும். நவம்பர் 21ஐ ஒட்டியும் ஜனவரி 21ஐ ஒட்டியும் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. அந்த நாள்களில் நண்பகலில் விளக்குக் கம்பத்துக்குக்கூட நிழல் இராது. மனிதர்களின் கண்களோ புருவத்தின் நிழலில் குழிவிழுந்து கறுத்துப்போகும். ஜூன் மாதத்தில் நிலைமை முற்றிலும் வேறு. அப்போது நண்பகலிலும் சூரியன் ஏறத்தாழ 46 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. நிழல் ஆளின் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக விழும். ஆகவே கோடையில் காலை எட்டு மணிக்குள் கேமராவை மூடிவிட வேண்டிய தெருவில், குளிர்காலத்தில் பகல் முழுவதும் படம் எடுக்கலாம். தெருப்படத் திட்டத்தை மே மாதத்தில் தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது மலை. நகரின் பின்புறத்தில், தென்கிழக்கில், 812 மீட்டர் உயரமுள்ள லெ பூஸும், தலையில் உருண்டைப் பாறையைச் சுமந்து நிற்கும் பீட்டர் போத்தும் இருக்கின்றன, தென்மேற்கில் சிக்னல் மலை, வடமேற்கில் கடல். கிழக்கே உள்ள மலைத்தொடர் காலைச் சூரியனை மறைப்பதால், பஞ்சாங்கம் சொல்லும் உதய நேரத்துக்கும் தெருவுக்குள் வெயில் இறங்கும் நேரத்துக்கும் இடையே கணிசமான இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் தெருக்களில் பரவும் நிழலற்ற மெல்லிய வெளிச்சம் முகப்படத்துக்கு மிகவும் உகந்தது. மாலையில் கடல் பக்கம் திறந்திருப்பதால் கடைசிக் கதிர் வரை நகருக்குள் வரும். டிசம்பரில் மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பும், ஜூனில் ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்பும் சூரியன் மறைகிறது. வெப்பமண்டலத்தில் அந்தி குறுகியது. வானம் நீலமாகவும் விளக்குகள் மஞ்சளாகவும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் பொழுது இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை.

முதல் மூன்று உலாக்களில் திட்டப் படம் எடுக்க வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த தெருவுக்குக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளில் சென்று, எந்தச் சுவரில் எப்போது வெயில் ஏறுகிறது, எந்தத் தாழ்வாரத்தில் எத்தனை மணிக்கு நிழல் விழுகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பலருக்கு இது சலிப்பாகத் தோன்றும். ஆனால் அந்த மூன்று பக்கக் குறிப்பு ஆண்டு முழுவதும் உங்களுக்குச் சோறு போடும்.

மூன்றாம் படி: கருவி

இதைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. கையில் இருக்கும் கேமராவும் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் போதும். நல்ல கைபேசி இருந்தால் அதுவும் போதும். ஆனால் கடற்கரை நகரின் ஈரப்பதத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு லென்ஸை வைக்காவிட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். படர்ந்தபின் முழுமையாக நீக்குவது அரிது. ஏசி அறையிலிருந்தோ ஏசி பேருந்திலிருந்தோ இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் பூக்கும். இருபது நிமிடம் பைக்குள்ளேயே இருக்கட்டும். துறைமுகப் பக்கம் சென்று வந்த அன்று, சற்றே ஈரமான துணியால் உப்பைத் துடைத்துவிட்டு உலரவையுங்கள்.

எக்ஸ்போஷர் குறித்து ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தெளிந்த வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 16 என்றால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் (ஒளி உணர்திறன் அளவின்) தலைகீழி. ஐஎஸ்ஓ 200க்கு 1/200 நொடி. வானம் தெரியும் திறந்த நிழலில் மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பாக்கும்) திறந்து எஃப் 5.6க்கு வாருங்கள். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஏமாறும் இடங்களில் இந்தக் கணக்கு உங்களை மீட்கும். மீட்டர் எங்கே ஏமாறும் என்பதைக் காவடிப் பகுதியில் சொல்கிறேன்.

நான்காம் படி: உலாக்கள்

கியூர்பிப், ரோஸ் ஹில் பக்கத்திலிருந்து வருபவர்கள் மெட்ரோவில் வந்து விக்டோரியா நிலையத்திலோ ஆப்ரவாசி காட் நிலையத்திலோ இறங்கலாம். இங்கே சொல்லும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தில் நல்ல ஒளி போய்விடும்.

சந்தை உலாவைச் சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியச் சந்தைக்குள் நுழைந்ததும் கேமராவை எடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், தேவையானதை வாங்குங்கள், ஒரு குவளை அலுதா குடியுங்கள். எந்தக் கடைக்குப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வருகிறது, எந்தக் கடையில் பச்சை நிறத் தார்ப்பாயின் சாயல் முகத்தில் விழுகிறது என்பதை அந்தச் சுற்றிலேயே கண்டுகொள்ளலாம். உள்ளே ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப் 2.8 என்று தொடங்கி, இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். வியாபாரம் மும்முரமாக நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். நாம் முருங்கைக்கீரை என்பதை இங்கே ‘ப்ரேட் முரூம்’ என்று கூவி விற்பதைக் கேட்கும்போது, தமிழ் எழுத்தைத் தேடி வந்த நமக்குத் தமிழ் ஒலியும் கிடைத்துவிடுகிறது. அத்தகைய சொற்களையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்; படக்குறிப்பு எழுதும்போது அவற்றின் அருமை தெரியும்.

சந்தையிலிருந்து சில நிமிட நடையில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய கரையான ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834 நவம்பர் 2ஆம் நாள் அவர்களை ஏற்றிய ‘அட்லஸ்’ கப்பல் போர்ட் லூயிஸுக்கு வந்ததன் நினைவாக அந்த நாள் நாட்டின் பொது விடுமுறையாக உள்ளது; 2006இல் இந்தக் கரை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வந்தவர்கள் கால்வைத்து ஏறிய பதினாறு படிகள் அங்கே உள்ளன. பலர் எதிரே நின்று படிகளை மட்டும் நேராக எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்; அந்தப் படங்கள் அஞ்சலட்டை போல இருப்பதற்குக் காரணம் ஒளி முன்னாலிருந்து விழுவதுதான். கருங்கல்லுக்குப் பக்கவாட்டுச் சாய்வொளி வேண்டும். வெயில் சாய்ந்து கல்லின் மேற்பரப்பை உரசிச் செல்லும் வேளையில், தேய்ந்த விளிம்பும் உளித் தடமும் எழுந்துவரும். அப்பர்ச்சரை எஃப் 8க்கும் எஃப் 11க்கும் இடையே வைத்து, முழங்கால் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். கடற்கரையை நிரப்பிச் சாலை அமைத்துவிட்டதால், படிகளின் காலடியில் இன்று அலை அடிப்பதில்லை. அந்த இழப்பையும் படத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று முயன்றுபாருங்கள். நான்கு ஆண்டுகளாக முயன்றும் எனக்கு மனநிறைவு தரும் படம் இன்னும் வாய்க்கவில்லை.

மூன்றாவது உலா, நகரின் நடுவே குன்றின்மீது நிற்கும் அடிலெய்ட் கோட்டைக்கு. ஊரார் அதைச் சிட்டடெல் என்பர். 1834க்கும் 1840க்கும் இடையே கட்டப்பட்ட இக்கோட்டை மதிலிலிருந்து துறைமுகமும், 1812இல் தொடங்கிய ஷாம்ப் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலும், மலைத்தொடரும் ஒருங்கே தெரியும். இங்கு ஒரே சட்டகத்தை மாதம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு முறை எடுக்கும் துணைத்திட்டத்தை நடத்துங்கள். மதிலில் ஒரு கல்லைத் தேர்ந்து முக்காலியை அதை ஒட்டி நிறுத்துங்கள். முக்காலியின் உயரத்தை அளந்து எழுதுங்கள். முதல் மாதப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, சட்டகத்தின் நான்கு மூலைகளிலும் என்னென்ன இருந்தன என்று ஒப்பிட்டு நிறுத்துங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகலொளியில் நிலைநிறுத்துங்கள். இல்லையெனில் மாதத்துக்கு மாதம் மாறும் ஒளியின் நிறத்தைக் கேமராவே அழித்துச் சமன்செய்துவிடும். ஜூனில் சூரியன் துறைமுகப் பக்கமாக இறங்குவதையும், டிசம்பரில் சிக்னல் மலையின் பின்னே மறைவதையும், கீழே புதிய கட்டடங்கள் எழுவதையும், ஆண்டிறுதியில் ஃப்ளம்பாயான் மரங்கள் சிவந்து பூப்பதையும் பன்னிரண்டு படங்களில் காணலாம். எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கும் மாலையில், நீங்கள் ஒருமுறை திரும்பி மலையைப் பாருங்கள். மறையும் வெயில் லெ பூஸின் முகத்தில் நேராக விழும் அந்தச் சில நிமிடங்கள், என் கணிப்பில், அஸ்தமனத்தைவிட அழகானவை.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம் என்பதை மறவாதீர்கள். புயல் எச்சரிக்கை மூன்றாம், நான்காம் நிலைக்கு உயர்ந்தபின் எந்தப் படமும் வெளியே செல்லத் தக்க காரணமாகாது. துறைமுகத்தின் காவலுக்குட்பட்ட பகுதி, காவல் நிலையம், அரசுக் காவல் உள்ள கட்டடங்கள் ஆகியவற்றை அனுமதியின்றி எடுக்கவேண்டாம்.

சீனர் தெருவுக்கும், ஜும்மா பள்ளிவாசல் இருக்கும் ராயல் சாலைக்கும், ஆலமர நிழலில் முகப்படம் எடுக்க ஏற்ற கம்பெனித் தோட்டத்துக்கும் தனித்தனி உலா வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன முறையே அவற்றுக்கும் பொருந்தும்.

தைப்பூசக் காவடிக்குத் தனி ஆயத்தம் தேவை. இங்கு அது பொது விடுமுறை நாள். கொடியேற்றம் முதல் பத்து நாள் விரதம் இருந்து, ஆற்றங்கரையில் கூடி அலகு குத்தி, காவடியும் பால்செம்பும் ஏந்திக் கோவிலுக்கு நடப்பார்கள். போர்ட் லூயிஸில், கைலாசோன் என ஊரார் வழங்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்கு வரும் ஊர்வலத்தை எடுக்க விரும்புவோர், சில வாரங்களுக்கு முன்பே கோவில் நிர்வாகக் குழுவினரைக் கண்டு, எங்கே நிற்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கேட்டறியுங்கள். கருவறையையும் மூலவரையும் எடுக்காதீர்கள். அலகு குத்தும் வேளையில் ஃப்ளாஷ் போடாதீர்கள். காலணியைக் கழற்றிவிட்டு, ஊர்வலம் நடக்கும் அதே தார்ச்சாலையில் நீங்களும் வெறுங்காலில் நடங்கள். எந்த இடத்தில் அவர்கள் முகம் மாறுகிறது என்பதை உங்கள் பாதமே சொல்லும்.

இனி தொழில்நுட்பம். தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருவதால், உச்சிவெயில் தலைக்கு நேர்மேலே நிற்கும் காலத்தோடு அது ஒட்டிவிடுகிறது. ஆகவே ஆற்றங்கரையில் காலைப் பொழுதிலேயே முக்கியமான முகப்படங்களை முடித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குமேல் மரநிழலிலோ பந்தலுக்குள்ளோ ஊர்வலம் நுழையும் இடத்தில் காத்திருங்கள். காவடியின் வளைவே சுமப்பவரின் முகத்துக்குக் குடையாகும். சற்றுத் தாழ்ந்து நின்றால் அந்த நிழலுக்குள் முகம் சீரான ஒளியில் கிடைக்கும்.

அடுத்த சிக்கல் நிறம். நம் காவடி அடியார்களில் பலர் உடுத்தும் அடர்ந்த இளஞ்சிவப்பு வெயிலில் பட்டவுடன், மற்ற இரு நிறத் தடங்களுக்கும் முன்பே சிவப்புத் தடம் நிரம்பி வழிந்துவிடும். துணியின் மடிப்பெல்லாம் அழிந்து ஒற்றை வண்ணத் திட்டாக அச்சாகும். ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான பொது ஹிஸ்டோகிராமில் இது தெரியாது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள். ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாகவே) எடுங்கள். இதற்கு நேர்மாறானது வெள்ளை வேட்டிக் கூட்டம். மீட்டர் எல்லாவற்றையும் நடுச்சாம்பலாகக் கருதுவதால், வெண்மை நிறைந்த சட்டகத்தைத் தேவைக்குமேல் இருட்டாக்கும். நம் மாநிறமும் கருநிறமும் சேற்றுநிறமாகிவிடும். அங்கே மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். முகத்தின் நிறம் சரியாக வந்தால் போதும், வேட்டி சற்று வெளுத்துப்போனாலும் பரவாயில்லை. நம்மவர் முகத்தை இருட்டாக்கிய படத்தை நான் அச்சிடக் கொடுப்பதில்லை.

ஊர்வலம் முடிந்து இலையில் ஏழு கறியோடு சோறு பரிமாறும்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்போது பக்கத்தில் இருப்பவர் சொல்லும் செய்திகளே அடுத்த ஆண்டுத் திட்டத்தை உங்களுக்குக் காட்டும்.

ஐந்தாம் படி: கேட்டு எடுங்கள், பெயரையும் கேளுங்கள்

தெருவில் முகத்தை எடுக்கும்முன் கேட்க வேண்டுமா என்பதில் புகைப்படக்காரரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. கேட்டால் இயல்பு போய்விடும் என்பர் சிலர். என் முடிவு தெளிவானது: முகம் அடையாளம் தெரியும்படி வந்தால் கேட்க வேண்டும். இயல்பு போவது முதல் இரண்டு நிமிடம் மட்டும்தான். நீங்கள் அங்கேயே நின்றால் அவர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார், இயல்பும் திரும்பிவிடும். க்ரியோலில் “எஸ்கி மோ காபாவ் தீர் ஊ ஃபோத்தோ?” என்று மரியாதையாகக் கேளுங்கள். தமிழ் தெரிந்த பெரியவர் என்றால், “ஐயா, வணக்கம், உங்களை ஒரு படம் எடுக்கலாமா?” என்று தொடங்குங்கள், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கடைக்குள் அழைத்து முக்காலி போட்டு உட்காரவைத்தவர்கள் உண்டு.

சந்தையில் கீரை விற்கும் மூதாட்டி ஒருவரிடம் முதன்முதலாக இப்படிக் கேட்டபோது, அவர் கொத்துமல்லிக் கட்டை அடுக்கிக்கொண்டே, “எடுத்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர், தம்பி. கொண்டுவந்து காட்டியவர் ஒருவரும் இல்லை” என்றார். இரண்டு வாரம் கழித்து அவர் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார். பின்னர் படத்தைத் திருப்பி வெறுமையான பின்பக்கத்தைக் காட்டி, “இதில் என் பேரை எழுதவில்லையே” என்றார். என் விதியின் இரண்டாம் பாதியை எனக்குக் கற்பித்தவர் அவர்தான்.

பெயரைக் கேட்கும்போது இரண்டு வடிவங்களையும் கேளுங்கள்: வீட்டில் அழைப்பது ஒன்று, அரசுப் பதிவில் இருப்பது மற்றொன்று. முத்துசாமி இங்கே ‘மூட்டூசாமி’ என்று எழுதப்பட்டார். குப்பன் ‘கூப்பேன்’ ஆனார். சுப்பிரமணியன் ‘சூப்ரமானியன்’ ஆனார். குடியேற்ற அலுவலகத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. படக்குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள். தமிழ் வடிவம் தெரியவில்லை என்று அவர் சொன்னால், ஊகித்து எழுதாமல், வீட்டில் மூத்தவரிடம் கேட்டு வரும்படி சொல்லிவிட்டு அடுத்த முறை எழுதிக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று யாராவது சொன்னால் நன்றி கூறி நகர்ந்துவிடுங்கள். பிள்ளைகளைப் பெற்றோர் ஒப்புதலின்றி எடுக்கவே கூடாது.

ஆறாம் படி: அன்று மாலையே செய்ய வேண்டியவை

வீடு திரும்பியதும், குளிப்பதற்கும் முன்பே, மெமரி கார்டிலிருந்து படங்களை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். கோப்புறைக்கு ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் பெயரிட்டால் அவை தாமாகவே காலவரிசையில் நிற்கும். குறிப்பேட்டில் உள்ள பெயர்களை அன்றைக்கே படங்களோடு இணைத்து எழுதுங்கள். ஒரு வாரம் போனால் எந்தப் பெயர் எந்த முகத்துக்கு உரியது என்ற ஐயம் வந்துவிடும்.

மூன்றாவது நகல் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். 2013 மார்ச் 30ஆம் நாள் போர்ட் லூயிஸில் திடீரென வெள்ளம் புகுந்து பதினொரு பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போதும் நகரின் தெருக்களில் வண்டிகள் மிதந்தன. மேசையின் அடித்தட்டில் அடுத்தடுத்து வைத்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இத்தகைய நாளில் சேர்ந்தே நனையும்.

ஏழாம் படி: தேர்வு

எடுத்த அன்றைக்கே நல்ல படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று நமக்குத் தெரிவது படம் அல்ல; வெயிலில் நின்ற களைப்பும் கிடைத்த மகிழ்ச்சியும் சேர்ந்த நினைவு. ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். ஆண்டிறுதியில் ஏறத்தாழ அறுபது படங்களைச் சிறிய அளவில், மலிவான தாளில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். முதல் படியில் எழுதிய வாக்கியத்தை வெளியே எடுத்து உரக்கப் படித்து, அதற்கு விடை சொல்லாத படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுத்து ஓரமாக வையுங்கள். சிட்டடெலில் எடுத்த மிகச் சிறந்த அஸ்தமனப் படம் ஒன்றை, சந்தைத் திட்டத்தில் இடமில்லை என்பதால், இவ்வாறு விலக்கினேன். ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு படங்கள் இருந்தால் ஒன்று போதும். எஞ்சிய இருபதையும், பார்ப்பவர் ஊருக்குள் நடந்துசெல்வதுபோல, தூரத்துக் காட்சியிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து கைக்கும் என்று அடுக்கிப் பாருங்கள். பிறகு அந்த ஒழுங்கு சலிப்பூட்டும் இடத்தில் கலைத்துவிடுங்கள்.

எட்டாம் படி: அச்சும் சேர்ப்பும்

காட்சிக்கு 20க்கு 30 சென்டிமீட்டர் அளவும், கையில் கொடுக்க 10க்கு 15 அளவும் ஏற்றவை. கோவில் மண்டபத்திலோ தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளி அறையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்சிப்படுத்த அனுமதி கேளுங்கள். படத்தில் இருப்பவர்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். படக்குறிப்பைத் தமிழிலும் க்ரியோலிலும் எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத இளையோர் பலர் வருவார்கள். தமிழ்க் குறிப்பை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒருவரை நிறுத்துங்கள். தங்கள் தாத்தாவின் பெயர் இப்படித்தான் ஒலிக்கும் என்று தெரிந்தவுடன் அவர்கள் அதை ஒருமுறை தாமே சொல்லிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

காட்சிக்கு வராதவர்களுக்கு அவரவர் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்முன் பின்பக்கத்தில் பெயர், நாள், இடம் மூன்றையும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பூசிய அச்சுத்தாளில் சாதாரண பென்சில் பிடிக்காது. பந்துமுனைப் பேனாவை அழுத்தி எழுதினால் அதன் தடம் முன்பக்கத்து முகத்தில் தெரியும். மிக மென்மையான 6பி பென்சிலோ, விரைவில் உலரும் நிறமி மைப் பேனாவோ கொண்டு, முகம் இருக்கும் பகுதியைத் தவிர்த்துக் கீழ் ஓரத்தில் எழுதுங்கள். மை உலரும்வரை படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஒருவர் பெயர் இன்னொருவர் முகத்தில் ஒட்டிவிடும்.